பழைய மோட்டார் வண்டியின் பிணியறிதல்

பிணியுற்ற மனிதன் தன் நோவை வாயினாற் கூறுவான். மோட்டார் வண்டியோ தன் குறையை ஒலியாலும் அதிர்ச்சியாலும் மட்டுமே உணர்த்தும். அம்மொழியை அறியாதார் வீண்செலவும் சில வேளை பேரிடரும் அடைவர். தமிழ் இலக்கியம் பயிலும் யாம் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தது, சென்ற விடுமுறையில் இப்பாடத்தைப் பொருள் கொடுத்துக் கற்க நேர்ந்தமையாலேயாம்.

எம் இல்லத்தில் உள்ளது ஒரு பழைய அம்பாஸிடர் வண்டி. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில நாட்டு வண்டியின் அமைப்பைத் தழுவிச் செய்யப்பட்டு, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன வகையைச் சேர்ந்தது. எம் வண்டியிலுள்ளது 1489 கன சென்டிமீட்டர் அளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய பெட்ரோல் என்ஜின். அது நின்றவிடத்து நடுநடுங்கி ஓடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் தயங்கும். வேகம் பிடித்தபின் ஒன்றும் அறியாததுபோல் செல்லும். ஒருநாள் எம் அன்னையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கால், நெடுஞ்சாலையிற் புகும் இடத்தில் வண்டி தயங்கிற்று. எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. லாரியோட்டியின் விழிப்பினாலேயே யாவரும் பிழைத்தோம்.

கண்டோர் அனைவரும், "பிக்கப் இல்லையா? கார்புரேட்டரை மாற்றுங்கள்" என்றனர். எந்தையார் ஒரு மாத ஊதியத்திற் பாதியைக் கொடுத்துப் புதியது வாங்கிப் பூட்டினார். நோய் அணுவளவும் குறையவில்லை. பின்னர் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். அவர் வண்டியைத் தொடுமுன், "தம்பி, நோய் இன்னதென்று பாராமல் மருந்தை மட்டும் வாங்கிவிட்டீர்களே! எந்நேரத்தில் இப்படிச் செய்கிறது? அதை முதலிற் சொல்லுங்கள்" என்றார். அவரிடம் யாம் கற்ற முறையை ஈண்டு வரிசைப்படக் கூறுவாம்.

பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டுவன மூன்று: அளவாகக் கலந்த காற்றும் பெட்ரோலும், அக்கலவையை இறுக்கும் அழுத்தம், உரிய கணத்தில் தீப்பொறி. இம்மூன்றனுள் எது குறைந்தது என்று துணிவதே பிணியறிதல்.

முதற்கண் தீப்பொறி. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் வெடிப்பு உண்டா, பாயின்ட் தேய்ந்து கருகியதா எனக் காண்க. இவ்வகை என்ஜினில் பாயின்ட் இடைவெளி ஏறத்தாழ 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். அடுத்துப் பிளக்குகளின் நிறத்தைப் பார்க்க. பிஸ்கோத்து நிறமாயின் நலம். கரி படிந்திருப்பின் பெரும்பாலும் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருப்பின் காற்று மிகுதி. எண்ணெய் வழிந்திருப்பின் உட்புறத் தேய்மானம். எம் வண்டியில் தீப்பொறி நன்றாகவே இருந்தது. ஆயின் முதலிரண்டு பிளக்குகள் வெளுத்திருந்தன.

இரண்டாவது, எந்தச் சிலிண்டர் சோர்ந்ததெனக் காணல். என்ஜினை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனை என்ஜினின் இரும்பிற் படுமாறு வைத்து, மீண்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஓட்டம் தளர்ந்தால் அச்சிலிண்டர் உழைத்திருந்தது என்பது பொருள்; மாறுபாடு இல்லையேல் அது முன்னரே சோம்பியிருந்தது. எம் வண்டியில் மூன்றாவதையோ நான்காவதையோ நீக்கியபோது ஓட்டம் நிற்குமளவு தளர்ந்தது. முதலாவதையோ இரண்டாவதையோ நீக்கியபோது வேறுபாடு மிகச் சிறிதே.

அடுத்துள்ள இரு சிலிண்டர்கள் ஒருங்கே சோர்ந்தால், அவற்றினிடையே தலைக் காஸ்கெட் பழுதாயிருத்தல் கூடும். அதனால் அழுத்தமானி வைத்து அளந்தார்; நான்கும் ஏறக்குறைய ஒத்திருந்தன. ஆகவே அஃதன்று. இனி இவ்விரண்டிற்கும் பொதுவானது யாது? இவ்வகை என்ஜினில் முதலிரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயில்வழிக் கலவையை உட்கொள்வன. பின்னிரண்டிற்கும் மற்றொரு வாயில். ஐயம் முதல் வாயிலின்மேற் சென்றது.

என்ஜின் சூடேறுமுன் அதனை ஓடவிட்டு, அவ்வாயிலின் இணைப்பிற் சிறிது சோப்பு நீரைத் தடவினார். நீர் உள்ளே இழுக்கப்பட, நடுக்கம் கணப்பொழுது அடங்கிற்று. மேனிபோல்டு காஸ்கெட் கிழிந்து, அங்கே திருட்டுக் காற்று புகுந்திருந்தது! இச்சோதனைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்தல் ஆகாது, தீப்பற்றும்.

வேகத்தில் நோய் மறைந்தது ஏன்? நின்றோடுங்கால் என்ஜின் உட்கொள்ளும் காற்று சிறிது. ஆதலின் கசிவு பெரும்பங்காகிறது. வேகத்தில் காற்று பெருக, அக்கசிவு பொருட்டாவதில்லை. மிதித்த கணத்தில் காற்று முந்திப் பாயும், பெட்ரோல் பிந்தும். முன்னரே நீர்த்த கலவை அப்போது மேலும் நீர்த்துப்போகத் தயக்கம் பிறக்கிறது.

எல்லா வண்டிக்கும் இதுவே காரணமென்று கொள்ளற்க. வேகத்தில் மட்டும் இருமினால் பெட்ரோல் வடிகட்டியையும் பம்பையும் ஆராய்க. மழைநாளில் மட்டும் மிஸ்ஸிங் நேர்ந்தால் கம்பிகளின் ஈரத்தை ஆராய்க. ஆயினும் முறை ஒன்றே: காலம் அறிதல், இடம் அறிதல், ஒவ்வோர் ஐயத்தையும் சோதித்து விலக்குதல்.

புதிய காஸ்கெட்டின் விலை, வாங்கிய கார்புரேட்டருக்கு முன் மிகச் சொற்பம். அம்முதியவர் அதனைப் பொருத்தித் திருகுகளைச் சமமாக இறுக்கிய பின்னர் வண்டி அமைதியாய் ஓடிற்று. மறுவாரம் அதே நெடுஞ்சாலை முனையில் எந்தையார் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார், வண்டி தயங்கவில்லை. எம் அன்னையார் மட்டும் இருக்கையின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தார்.