பெட்ரோல் குழாயும் பச்சைப் பசையும்

மோட்டார் சைக்கிளில் அமர்வது போல் அமர்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒருவர் தனியே செல்லும் சிறு ஊர்தியை நம்மில் பலர் திரைப்படங்களில் கண்டிருப்போம். அதனை 'ஜெட் ஸ்கீ' என்றே பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஜப்பானியக் கவாசாகி நிறுவனத்தின் வணிகப் பெயர். கனடா நாட்டின் பம்பார்டியர் நிறுவனம் 'சீ-டூ' என்ற பெயரில் 1968-இல் இத்தகைய ஊர்தியை வெளியிட்டு, விரைவிலேயே நிறுத்தி, 1988-இல் மீண்டும் தொடங்கியது. இவ்வூர்திக்கு வெளியே சுழலும் விசிறி இல்லை. உள்ளிருக்கும் இறக்கைச் சக்கரம் நீரை உறிஞ்சிப் பின்புறம் பீய்ச்ச, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஊர்தி முன்னேறுகிறது. இயந்திரவியலை இவ்வளவோடு விட்டுவிட்டு, அதன் பெட்ரோல் குழாயைப் பார்ப்போம். வேதியியல் பயிலும் நமக்கு உரிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

1990-களில் வந்த சீ-டூ ஊர்திகள் பலவற்றில் பெட்ரோல் குழாய்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல இக்குழாய்களின் உட்புறம் இளகிப் பச்சை நிறப் பசையாக மாறியது. வெளித்தோற்றத்தில் குழாய் நன்றாகவே இருக்கும், ஒழுகாது, வெடிக்காது. ஆனால் அந்தப் பசை பெட்ரோலோடு சென்று, கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் விரல் நுனியளவு சல்லடையில் படியும். டேங்கிற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு வடிகட்டி உண்டே, அது தடுக்காதா என்று கேட்கலாம். வடிகட்டியைத் தாண்டியும் அதே குழாய்தான் செல்கிறது. அந்தப் பகுதியில் கழன்று வரும் பசைக்கு முன்னால் கார்புரேட்டரைத் தவிர வேறு தடை இல்லை.

சல்லடை அடைபட்டால் இயந்திரம் நின்றுவிடும், அவ்வளவுதானே என்று எண்ணிவிடக் கூடாது. நின்றுவிட்டால் நல்லது, அது நிற்பதில்லை என்பதே ஆபத்து. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் ஓடும் இரு வீச்சு இயந்திரத்திற்கு இதைவிடச் செறிவான கலவையையே தருகிறார்கள். மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டு பிஸ்டனைக் குளிர்விக்கிறது. பெட்ரோல் குறைந்தால் இக்குளிர்ச்சி குறைகிறது. பிஸ்டனின் தலை சூடேறுகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும். பிஸ்டன் செய்யப்படும் கலப்புலோகமோ அதற்கு முன்பே இளகத் தொடங்கும். விரிந்த பிஸ்டன் சிலிண்டரின் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அல்லது அதன் தலையில் ஓட்டை விழும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் இயந்திரமானால் நிலை இன்னும் மோசம். பெட்ரோல் குறையும்போது ஆயிலும் குறைகிறது. கலவை மெலியும் தொடக்கத்தில் சில இயந்திரங்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாகவே ஓடும் என்பது இதில் பெரிய வஞ்சகம். ஓட்டுபவர் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, கரை தொலைவில் தெரியும் இடத்தில், எல்லாம் முடிந்துவிடும்.

குழாய் ஏன் பசையாகிறது? ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று முதலாண்டில் படித்தோம். பெட்ரோல் முனைவற்ற ஹைட்ரோகார்பன்களின் கலவை. இயற்கை ரப்பரும் அத்தகைய ஹைட்ரோகார்பனே. ஆகவேதான் ஒரு ரப்பர் வளையத்தைப் பெட்ரோலில் இட்டு வைத்தால் அது உப்பிப் பெருத்துவிடுகிறது. (இதைச் சோதிப்பவர்கள் ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், சுடர் எதுவும் இல்லாத இடத்தில் செய்க.) இதற்கு மாற்றாக வந்தது நைட்ரைல் ரப்பர். இதில் பியூட்டடையீனுடன் அக்ரைலோநைட்ரைல் சேர்ந்திருக்கிறது. அக்ரைலோநைட்ரைலின் முனைவுத்தன்மை பெட்ரோலை ஒதுக்கி வைக்கிறது. அதன் விழுக்காடு கூடக்கூட எண்ணெய் எதிர்ப்புத் திறனும் கூடும், ஆனால் குளிரில் விறைப்பும் கூடும். குழாய் வளைவதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர்களையும் பெட்ரோல் சிறிது சிறிதாகக் கழுவி எடுத்துவிடும். அவை போனபின் சில குழாய்கள் விறைத்து வெடிக்கின்றன. வேறு சில உட்பூச்சு சிதைந்து பசையாகின்றன.

எத்தனால் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. அது முனைவுள்ள மூலக்கூறு. பெட்ரோலுக்கு அஞ்சாத ரப்பர் சில எத்தனாலுக்கு இளகும். போதாக்குறைக்கு அது நீரையும் ஈர்க்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். நம் நாட்டிலும் 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டதால், வாசலில் நிற்கும் பழைய ஸ்கூட்டரின் குழாயையும் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்ப்பது நல்லது.

இனி மாற்றும் முறை. கார்புரேட்டரை மட்டும் கழுவிவிட்டுப் பழைய குழாயையே மீண்டும் மாட்டுவோர் உண்டு. அது வீண் வேலை. ஊற்றுக்கண் அப்படியே இருக்க, ஓடையை மட்டும் தூர் வாருவது போன்றது. குழாய் முழுவதையும் மாற்றி, திறப்பு வால்வையும் வடிகட்டியையும் கழுவி, கடைசியாகக் கார்புரேட்டரின் சல்லடையைத் துப்புரவு செய்வதே முறை.

முதலில் இருக்கையைக் கழற்றி ஊர்தியின் வயிற்றில் நன்றாகக் காற்றாட விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. படகின் அடியில் குளம் போல் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு இருந்தாலே தீப்பற்றப் போதும். ஆகவே பேட்டரி இணைப்பை நீக்கிவிட வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டேங்கின் மூடியைத் திறந்து உள்ளழுத்தத்தை வெளியேற்றிய பின்பே குழாயில் கை வைக்கலாம்.

எந்தக் குழாய் எங்கே செல்கிறது என்று தாளில் வரைந்துகொண்டு, ஒவ்வொன்றாக மாற்றுவது பாதுகாப்பானது. பழைய குழாயைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் முனை ஒடிந்துவிடும். நீளவாக்கில் மெல்லக் கீறி உரிக்க வேண்டும். கத்தி முனையில் பட்டுக் கோடு விழுந்தால் அக்கோடே கசிவுக்கு வழி. கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயையும் டேங்கிற்குத் திரும்பும் குழாயையும் மாற்றி மாட்டிவிடாமல் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் ஊசித் துளை போன்ற ஒரு தடுப்பு இருக்கும். அதை அழுக்கென்று நினைத்துப் பெரிதாக்கினாலோ எறிந்தாலோ பெட்ரோல் எளிதாகத் திரும்பி ஓடி, கலவை மீண்டும் மெலிந்துவிடும். பெட்ரோலே செல்லாத இன்னொரு குழாயும் உண்டு. கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பைப் பம்பின் சவ்வுக்குக் கொண்டு செல்வது அது. அதில் விரிசல் இருந்தால் பம்பு சோர்ந்துவிடும். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

புதுக் குழாய் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். படகுகளுக்கான அமெரிக்கத் தரம் 'எஸ்.ஏ.இ. ஜே 1527'. அதில் 'ஏ' என்றால் இரண்டரை நிமிடத் தீச்சோதனையைத் தாங்கியது. 'பி' அத்தேர்வு எழுதாதது. 'ஏ1-15' என்றிருந்தால், ஒரு சதுர மீட்டர் குழாய்ச் சுவர் வழியே ஒரு நாளில் 15 கிராமுக்கு மேல் ஆவி கசியாது என்று பொருள். கார்களுக்கான சாதாரணக் குழாய் விலை குறைவு என்பது உண்மையே. ஆனால் மூடிய அறைக்குள் சூடான இயந்திரத்தின் அருகே ஓடும் குழாயில் அந்தச் சிக்கனம் எனக்கு ஒப்புதலாக இல்லை. எரிபொருளை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் புதிய வகை இயந்திரங்களுக்கு இவை இரண்டுமே ஆகா. அவற்றின் குழாய் தனி. கிளாம்ப் விஷயத்தில், சிறு குழாய்களுக்குத் திருகு கிளாம்ப் சரிவட்டமாக இறுகாமல் ரப்பரைக் கடித்துவிடும். கவ்வி அழுத்தும் வகையே ஏற்றது.

எல்லாம் மாட்டியபின் தயாரிப்பாளர் கையேட்டில் கூறியுள்ள அழுத்தத்திற்குக் கைப்பம்பால் காற்றேற்றி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழும் இடத்தைச் சரிசெய்து மறுபடியும் சோதிக்க வேண்டும். பின்பும் இருக்கையை உடனே மூடிவிடாமல், திறந்தபடியே சிறிது நேரம் வைத்து, குனிந்து மூக்கால் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகே பேட்டரியை இணைக்கலாம்.