மின்சாரத்தை விளக்கும் நீர் உருவகம்: பயனும் எல்லையும்

கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்தைத் துறைசாராதோர்க்கு உணர்த்த நீரின் காட்சி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்னும் தமிழ்க் கலைச்சொற்களிலும் இவ்வுருவகம் உறைந்துள்ளது.

மேல்நிலைத் தொட்டியின் உயரம் மின்னழுத்தத்தையும், குழாயில் நொடிதோறும் பாயும் நீரின் அளவு மின்னோட்டத்தையும், குழாயின் குறுக்கம் மின்தடையையும் குறிக்கும். அழுத்தம் மிகின் ஓட்டம் மிகும். தடை மிகின் ஓட்டம் குறையும். ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியை இக்காட்சி கணிதமின்றியே புலப்படுத்துகிறது. எலக்ட்ரான்கள் கம்பியில் மிக மெதுவாக நகர்ந்தும் விளக்கு உடனே ஒளிர்வது ஏன் என்னும் ஐயத்தையும் இது தீர்க்கிறது. நீர் நிறைந்த குழாயைத் திறந்தவுடன் மறுமுனையில் நீர் வெளிப்படுவதை ஒத்தது அது.

ஆயினும் இவ்வொப்புமை ஓரிடத்தில் பிறழ்கிறது. குழாய் அறுந்தால் நீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தாலோ ஓட்டம் நிற்கும், அழுத்தம் நிற்பதில்லை. எதுவும் கொட்டாமையால் அறுந்த கம்பியில் மின்சாரம் இல்லையெனக் கருதித் தொடுபவரின் உடல் வழியே மின்சுற்று நிறைவுறும், உயிரிழப்பும் நேரும்.

எனவே, உருவகத்தால் விளக்குவோர் ஒப்புமை பொருந்தும் இடத்தோடு பொருந்தா இடத்தையும் உடன்சுட்டுதல் இன்றியமையாதது.