படகில் போய் இறங்கும் தீவு ஏமாற்றாமல் இருக்க...

கரீபியன் கடலில் குவாதலூப் தொடங்கி கிரெனடா வரை சரம் போலத் தீவுகள். பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, இரவுக்கு ஒரு தீவாகத் தங்கிப் போகும் குடும்பங்கள் அங்கே ஏராளம். படத்தில் பார்த்த வெள்ளை மணலை நினைத்துக்கொண்டு நங்கூரம் போட்டால், நாற்றமும் ஆட்டமும் பூட்டிய கடையுமாக ஒரு தீவு வந்து வாய்க்கும். பிள்ளைகளின் முகம் வாடிவிடும். அந்த ஏமாற்றத்தில் பாதியை முதல் நாளே தவிர்த்துவிடலாம்.

1. தீவின் எந்தப் பக்கம் தங்கப் போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். அங்கே ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்றுதான். 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இதன் வரவு அதிகம். மார்த்தினிக்கின் கிழக்கே உள்ள லு ஃபிரான்சுவா, லு ரோபேர் பக்கம் அழகான இடங்கள்தான், ஆனால் பாசி வந்த வாரத்தில் குழந்தைகளை அங்கே தண்ணீரில் இறக்க முடியாது. பிரெஞ்சு வானிலைத் துறை மார்த்தினிக், குவாதலூப் ஆகிய இரு பிரெஞ்சுத் தீவுகளுக்கும் பாசி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சந்தேகமாக இருந்தால் மேற்குக் கரையே நல்லது.

2. போய்ச் சேர்ந்தபின் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், 'ஒரு ராத்திரிதானே' என்று தங்கிவிடாதீர்கள். அழுகும் பாசியிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வருகிறது. தலைவலி, கண் எரிச்சல் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறும். வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அதனால் எந்தத் தீவுக்கும் மதியத்துக்குள் போய்ச் சேருவது போலவே திட்டம் போடுங்கள். வெயில் உச்சியில் இருந்தால்தான் பவளப்பாறைகளும் கண்ணுக்குத் தெரியும்.

3. இந்த வாயுவில் வெள்ளி கறுத்துவிடும். கொலுசு, அரைஞாண் கொடியை ஜிப் உறையில் போட்டு மூடி வையுங்கள். கறுத்துவிட்டால் விபூதி போட்டுத் தேய்த்தால் போதும்.

4. பாசிக்குள் படகு ஓட்டினால், இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் உறிஞ்சும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புகைக்குழாய் வழியே தண்ணீர் வழக்கம்போல வெளியே கொட்டுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். குறைந்தால் இன்ஜினை நிறுத்தி வடிகட்டியைக் கழுவுங்கள்.

5. டிசம்பர் முதல் மார்ச் வரை வேறொரு தொல்லை. வட அட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் நீண்ட அலை தீவைச் சுற்றி வளைந்து மேற்குக் கரைக்கும் வந்துவிடும். காற்றே இருக்காது, ஆனால் படகு இரவெல்லாம் இடமும் வலமுமாக உருளும். பின்பக்கம் இன்னொரு நங்கூரம் போட்டு, படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி நிறுத்தினால் ஆட்டம் வெகுவாகக் குறையும். பிள்ளைகளை முன்பக்க அறையில் படுக்க வைக்காமல், படகின் நடுவே தாழ்வான இடத்தில் படுக்க வையுங்கள்.

6. ஆடும் படகில் சமைக்கப் பிரஷர் குக்கரைப் போலக் கைகொடுக்கும் பாத்திரம் வேறில்லை. மூடி பூட்டியிருப்பதால் சரிந்தாலும் கொதிக்கும் சோறு கையில் கொட்டாது. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். தட்டுகளுக்கு அடியில் ஈரத்துணியை விரித்துவிட்டால் நகராது. ஆட்டம் அதிகமான நாளில் பொங்கலோ கஞ்சியோ போதும், பொரிக்கும் வேலையே வேண்டாம்.

7. சின்னத் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் திறக்காது. மூன்று நாள் சாப்பாடு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கெடாமல் நிற்கும் காய்களாகப் பார்த்து வாங்குங்கள். நம் சௌசௌ அங்கே 'கிறிஸ்டோஃபின்' என்ற பெயரில் கிடைக்கும். சேப்பங்கிழங்குக்கு 'டஷீன்' என்று பெயர். வாழைக்காயும் உண்டு. அட்டைப் பெட்டியைப் படகுக்குள் கொண்டுவர விடாதீர்கள். மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். கரையிலேயே பிரித்து, காய்களைக் கழுவித் துடைத்து ஏற்றுங்கள்.

8. மசாலா தீர்ந்துவிட்டால் மார்த்தினிக், குவாதலூப் கடைகளில் 'கொலம்போ' பொடி கேளுங்கள். மார்த்தினிக்குக்கு 1853 முதலும் குவாதலூப்புக்கு 1854 முதலும், பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம் மக்கள் விட்டுச்சென்ற கைமணம் அது. மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு எல்லாம் இருக்கும். காரம் குறைவு, மிளகாயைத் தனியாகச் சேருங்கள்.

9. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் யூரோ. செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடாவில் கிழக்குக் கரீபியன் டாலர், ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70. ஏடிஎம் இல்லாத தீவுகளும் உண்டு என்பதால் சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள்.

10. ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். கஸ்டம்ஸ், இமிகிரேஷன் வேலையைக் கேப்டன் முடித்துத் திரும்பும்வரை மற்றவர்கள் கரையில் கால் வைக்கக் கூடாது. விடுமுறை நாளில் போனால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். வார நாளில் காலையில் போய்ச் சேருங்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை முன்பே கொடுத்துவிட்டால் காத்திருப்பது கஷ்டமாகத் தெரியாது.

11. கரையில் நிழல் தேடும்போது மான்ஷினீல் மரத்தைக் கண்டு விலகுங்கள். காய் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி இருக்கும், அத்தனையும் விஷம். மழையில் அடியில் நின்றால் சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும். மார்த்தினிக்கில் பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் அடித்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் படத்தை முன்பே காட்டிவிடுங்கள்.

12. பவளப்பாறைப் பக்கம் பிடித்த பெரிய சீலா மீனைச் சமைக்காதீர்கள். சிகுவாடெரா நஞ்சு இருக்கக்கூடும். எவ்வளவு கொதித்தாலும் போகாது. ஆழ்கடலில் பிடித்த சூரை பரவாயில்லை.

13. பொழுது சாயும்போது கடற்கரையில் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பூச்சி கடிக்கும். அந்த நேரத்துக்குள் படகுக்குத் திரும்பிவிடுங்கள்.

14. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் இதே தீவுச் சரத்தில் உள்ள கரியாக்கூ தீவைத் தாக்கியது. பக்கத்திலுள்ள யூனியன் தீவில் பெரும்பாலான வீடுகள் சேதமாயின. பழைய வழிகாட்டி நூலைப் பார்த்துப் போகிறவர்களுக்கு அதில் போட்டிருக்கும் உணவகமோ ஜெட்டியோ இல்லாமல் போகலாம். புறப்படும் முன் விசாரியுங்கள், ஆனால் அந்தத் தீவுகளை ஒதுக்கிவிடாதீர்கள். காய், ரொட்டி, ஐஸ் எது கிடைத்தாலும் அங்கேயே வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம்.