முழந்தாளைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்

சொற்கள் வெறும் ஒலிக்கூட்டங்கள் அல்ல. அவற்றை வழங்கிய மக்களின் வாழ்க்கையும் வழிபாடும் அவற்றுட் பொதிந்து கிடக்கின்றன. அருஞ்சொற்களே ஆராயத்தக்கன என்று கருதுவார் சிலர். ஆயினும், உறுப்புக்களின் பெயர்களே ஒரு மொழியின் மிகப் பழைய செல்வங்களாம். வணிகத்தோடும் அரசாட்சியோடும் வந்த சொற்கள் அவற்றோடே மறைதலுண்டு. நாடோறும் வழங்கும் உறுப்பின் பெயரோ எளிதில் மாறுவதில்லை. ஆதலின், முழந்தாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் பொருள்விரிவையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

செவிக்கு இச்சொல் நம் முன்னிலை ஒருமைப் பெயராகிய 'நீ' என்பது போலவே ஒலிக்கும். எழுதுங்கால் மட்டும் அதன் முன்னே 'கே' என்னும் எழுத்து ஒலியின்றி நிற்கும். ஒலியாத எழுத்தை எழுதுவானேன் என்று மாணாக்கர் வெறுப்பதுண்டு. ஆனால் அஃது ஒருகால் ஒலித்த எழுத்தேயாம். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஏறக்குறைய 'க்னேயொவ்' என ஒலித்தது. 1400இல் மறைந்த சாசர் என்னும் புலவர் காலத்தும் அம்முதன்மெய் கேட்கப்பட்டது. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுப்பொறியை நிறுவியபின் எழுத்துமுறை சிறிது சிறிதாக நிலைபெற்றது; பேச்சோ நில்லாது மாறிக்கொண்டே சென்றது. 17ஆம் நூற்றாண்டில் தேயத்தொடங்கிய அம்மெய்யொலி பின்னர் முற்றும் மறைந்தது. எழுத்து மட்டும் பழமைக்குச் சான்றாக நின்றது. இன்றும் ஜெர்மானியர் 'க்னீ' என்று அம்மெய்யை ஒலித்தே வழங்குகின்றனர். டச்சு மொழியாரும் அவ்வாறே.

இதன் உறவுச் சொற்களை இனி நோக்குவாம். இலத்தீனில் 'கெனு', கிரேக்கத்தில் 'கோனு', வடமொழியில் 'ஜாநு', பாரசீகத்தில் 'ஸானூ' என்பன முழந்தாளின் பெயர்கள். இலத்தீன், கிரேக்கச் சொற்களின் ககரத்தை 'கங்கை' என்பதன் முதலெழுத்துப்போல் எடுத்தொலித்தல் வேண்டும். இவை தற்செயலாய் ஒத்தனவோ? அல்ல. 1786இல் சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்தினின்று தோன்றியனவாதல் வேண்டும் என்றார். பின்னர் டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்க் 1818இலும், ஜெர்மானியராகிய யாக்கோபு கிரிம் 1822இலும் ஒலிமாற்றங்களின் ஒழுங்கை எடுத்துக்காட்டினர். இலத்தீன் கிரேக்கங்களில் எடுத்தொலிக்கும் ககரம் நிற்குமிடத்து, ஆங்கிலம் முதலிய ஜெர்மானிய மொழிகளில் வல்லொலிக் ககரம் நிற்கும். அவ்விடத்து வடமொழியிற் பெரும்பாலும் ஜகரம் காணப்படும். இலத்தீனில் 'கெனுஸ்' என்பது குலம்; ஆங்கிலத்தில் 'கின்' என்பது சுற்றம்; வடமொழியில் 'ஜனம்'. இம்மூன்றும் அவ்விதிக்கு இலக்கியமாம்.

அறிதலைக் குறிக்கும் 'நோ' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஒலியாத 'கே' உடையதே. அதற்கு நேரான வடமொழி வேர் 'ஜ்ஞா' என்பது. அவ்வேரினின்று பிறந்த சொல்லை நாம் 'ஞானம்' என வழங்குகின்றோம். ஆங்கிலேயர் தம் சொல்லின் முதன்மெய்யை எவ்வாறு ஒலியாது விட்டனரோ, அவ்வாறே தமிழரும் ஜகரத்தை விட்டனர். அவர் எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை விட்டனர். நாம் இரண்டையும் விட்டோம். 'ஜாநு' என்பதும் நம்மிடையே 'ஆஜாநுபாகு' என்னுந் தொடரில் வழங்குகின்றது; முழந்தாள் அளவும் நீண்ட கைகளை உடையான் என்பது அதன் பொருள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. முழந்தாளின் ஆங்கிலப் பெயரும் நம் 'நீ' என்பதும் செவிக்கு ஒன்றேயாயினும் அவற்றிடை யாதோர் உறவும் இல்லை. நம் 'முழங்கால்' என்பதற்கு உறவு தெலுங்கின் 'மோகாலு', கன்னடத்தின் 'மொணகாலு' என்பனவே. தமிழும் அதன் இனமொழிகளும் தனிக் குடும்பம் என்பதைக் கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் விரித்துரைத்தது. செவியை மட்டும் நம்புவோன் உறவினனை அயலான் என்றும், அயலானை உறவினன் என்றும் மயங்குவான். ஒலிமாற்றத்தின் ஒழுங்கைக் கண்டபின்னரே உறவு கூறல் வேண்டும்.

இனிப் பொருள்விரிவு. தொடையும் கணைக்காலும் பொருந்தும் மூட்டு என்பதே இச்சொல்லின் முதற்பொருள். அமர்ந்திருப்பவரின் தொடைப்புறமும் இப்பெயர் பெறும். தாயின் முழந்தாளிற் கற்றது என்று ஆங்கிலேயர் கூறுவது நாம் தாய்மடியிற் கற்றது என்பதையே. ஆடையில் அவ்விடத்தை மூடும் பகுதியும் அப்பெயரே பெறும். குதிரையின் முன்னங்கால் மூட்டையும் அவ்வாறே அழைப்பர். உடற்கூற்றின்படி அது நம் மணிக்கட்டிற்கு நேரானது. மரக்கலத்தில் குறுக்குத்தூலத்தைப் பக்கச் சுவரோடு பிணைக்க, இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரத்துண்டுகளைத் தச்சர் தேடிப் பொருத்துவர், அவையும் முழந்தாள்களே. மடங்குதலும் மடங்கியவிடத்துத் தாங்குதலுமாகிய இரண்டும் உள்ள இடமெல்லாம் இப்பெயர் சென்றது. ஷேக்ஸ்பியர் 'லியர் அரசன்', 'கோரியலானஸ்' என்னும் நாடகங்களில் இதனை முழந்தாளிடுதல் என்னும் பொருளில் வினைச்சொல்லாகவும் ஆண்டிருக்கின்றார். கிரேக்கத்திற் கோணத்தைக் குறிக்கும் 'கோனியா' என்பதும் இவ்வினத்ததே என்பர். கணித நூலில் வரும் 'ஹெக்ஸகன்' முதலிய பெயர்கள் அதன் வழியின.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் தலைமுறை என்றும் பொருள்பட்டது. ஐரிஷ் மொழியிலும் உருசிய மொழியிலும் முழந்தாளின் பெயர் தலைமுறையைக் குறிப்பதுண்டு. மூட்டுக்கு மூட்டு உடல் தொடர்வதுபோலக் குலமும் தொடர்கின்றது என்று முன்னோர் கருதினர் போலும். ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் ராகேல் பிள்ளைப்பேற்றைப்பற்றிப் பேசுமிடத்தும், 50ஆம் அதிகாரத்தில் யோசேப்பின் கொள்ளுப்பேரரைக் கூறுமிடத்தும், எபிரேய மூலத்தில் முழந்தாளே குறிக்கப்படுகின்றது. குழந்தையை முழந்தாளில் ஏற்றலாவது தன் குலத்தில் ஏற்றலேயாம்.

எபிரேயம் வேறு குடும்பத்து மொழி. அதில் முழந்தாள் 'பெரெக்', ஆசீர்வதித்தல் 'பாரக்'. இரண்டிற்கும் மூலமெய்கள் அவையே. ஏசாயா 45ஆம் அதிகாரத்தில் முழந்தாள் யாவும் கடவுள் முன் முடங்கும் என்று வரும் வாக்கைப் பவுல் அப்போஸ்தலர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்திற் கிறிஸ்துவுக்கு உரித்தாக்கினார். அவ்வசனத்திற் கிரேக்கர் 'கோனு' என்றும், இலத்தீனார் 'கெனு' என்றும், 1522இல் லூத்தர் 'க்னீ' என்றும், 1526இல் திண்டேல் ஆங்கிலச் சொல்லாலும் வாசித்தனர். பிரிந்துபோன உடன்பிறப்புக்கள் ஒரே வசனத்திற் கூடி நிற்றல் காண்க. அவற்றோடு குடும்பவுறவு யாதுமில்லாத நம் 'முழங்கால்' என்பதும் தமிழ்வேதத்தில் அவ்விடத்தே நிற்கின்றது.

ஆயினும், முடங்கும் முழந்தாளெல்லாம் ஒரு பொருளே உடையன அல்ல. அரசன் முன் அச்சத்தால் மடங்குவதுமுண்டு. ஆண்டவன் முன் அன்பால் மடங்குவதுமுண்டு. 325இல் கூடிய நிசேயா சங்கம், உயிர்த்தெழுதலின் மகிழ்ச்சி கருதி, ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றே செபிக்கவேண்டும் என விதித்தது. 1965இல் அலபாமா நாட்டுச் செல்மா நகரிற் சிறைபிடிக்கப்பட்டபோது, மார்ட்டின் லூதர் கிங்கும் அவரோடு சென்றோரும் தெருவிலே முழந்தாளிட்டுச் செபித்தனர். 2016இல் கேப்பர்னிக் என்னும் அமெரிக்க விளையாட்டு வீரர், கறுப்பினத்தார்க்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டித்து, நாட்டுப்பண் ஒலிக்கையில் ஒரு முழந்தாளை ஊன்றினார். பணிவின் அடையாளமே பணியாமையின் அடையாளமும் ஆயிற்று. யார் முன் மடங்குகின்றோம் என்பதே யார் முன் மடங்கமாட்டோம் என்பதையும் அறிவிக்கின்றது.

இச்சிறு சொல்லிடத்து நாம் கற்பன இரண்டு. ஒலியாத எழுத்தை வீணென்று தள்ளற்க. அது தன் குலத்தை நினைவூட்டிக்கொண்டு நிற்கின்றது. ஒத்தொலிக்கும் சொல்லை உறவென்று விரைந்து கொள்ளற்க, ஒழுங்கைத் தேடுக. இவ்விரு கட்டளைகளும் சொல்லாராய்ச்சிக்கே அன்றி, மக்களை அறிதற்கும் ஏற்புடையனவாம்.