வலை அட்டை பழுதா?

இயங்குதளம் நிறுவும்போது கணிப்பொறி 'வலை அட்டை இல்லை' என்றால், அட்டை பழுது என எண்ணிவிடக் கூடாது. நம் அருப்புக்கோட்டையில் தறியும் நூலும் இருந்தும் நெய்பவர் இல்லாவிடில் சேலை வருமா? அட்டையை இயக்கும் நெசவாளியே டிரைவர் என்னும் மென்பொருள்.

சில அட்டைகளுக்கு ஃபர்ம்வேர் என்ற கோப்பும் தேவை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படை டெபியன். டெபியனின் வழக்கமான நிறுவல் வட்டில், உரிமக் காரணத்தால் அக்கோப்புகள் முன்பு இல்லை. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் உண்டு.

டிரைவரோ இணையத்தில்; இணையமோ டிரைவர் இன்றி வராது! பூட்டிய வீட்டுக்குள் சாவி கிடந்தாற்போல. அப்போது கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைத் தரலாம். அல்லது 'எல்.எஸ்.பி.சி.ஐ.' கட்டளையால் அட்டையின் பெயரறிந்து, வேறு கணிப்பொறியில் உரிய கோப்பை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவரலாம்.

பெயர் அறியுமுன் பழுதென்று எதையும் ஒதுக்காதிருப்போம்!