‘ஒரு’ எல்லாம் ‘எ’ ஆகுமா?



வேலைக்கு மனு எழுதும்போதும், நேர்முகத் தேர்வில் வாய் திறக்கும்போதும் நம்மைக் காட்டிக் கொடுப்பது பெரிய சொல் அன்று, ஓரெழுத்துச் சொல். ‘எ’ என்னும் அச்சொல்லும், உயிரொலிக்கு முன் அது கொள்ளும் ‘ஆன்’ என்னும் வடிவமுமே ஆங்கிலத்தில் ‘இன்டெபினிட் ஆர்ட்டிகிள்’ எனப்படுவன. ‘ஆன் அட்வைஸ்’, ‘ஆன் இன்பர்மேஷன்’, ‘எ குட் நியூஸ்’ என்று விடுதியிலும் வகுப்பிலும் நான் அடிக்கடி கேட்கிறேன். மூன்றும் பிழையே. இப்பிழை எங்கிருந்து வருகிறது, எப்படி நீக்குவது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பிழையின் வேர் நம் தாய்மொழியில் இருக்கிறது. தமிழில் ‘ஒரு தகவல்’, ‘ஒரு யோசனை’, ‘ஒரு நல்ல செய்தி’ என்பன குற்றமற்ற தொடர்கள். தகவல்கள், யோசனைகள், செய்திகள் என்று பன்மையும் கூறுகிறோம். தெலுங்கிலும் இதே நிலைதான். ‘ஒக சலஹா’ என்று அவர்கள் தயங்காமல் சொல்வார்கள். சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தபோது வட ஆர்க்காட்டின் பகுதிகள் அதில் சேர்ந்தன. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்ற பின்னும், இப்பக்கத்து ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. ஆகவே தமிழ் மாணவன் செய்யும் இப்பிழையைத் தெலுங்கு நண்பனால் திருத்த இயலுவதில்லை. அவனும் அதையே செய்கிறான்!

இதனால் நம் அறிவு குறைந்ததென்று எண்ண வேண்டா. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் தத்தம் மொழியில் ‘இன்பர்மேஷன்’ என்பதற்குரிய சொல்லை எண்ணத்தான் செய்கிறார்கள். எண்ணுவதும் எண்ணாமையும் பொருளின் இயல்பு அன்று. அந்தந்த மொழியின் வழக்கு. ஆனால் எந்த மொழியில் எழுதுகிறோமோ அதன் வழக்கைப் போற்றுதல் நம் கடமை.

இனி விதியைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்தே ‘எ’, ‘ஆன்’ இரண்டும் பிறந்தன. ஒன்று என்று சொன்னால் இரண்டு, மூன்று என்று தொடர முடிய வேண்டும். ‘டூ சேர்ஸ்’ என்கிறோம். ஆகவே ‘எ சேர்’ சரி. ‘டூ பர்னிச்சர்ஸ்’ என ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே ‘எ பர்னிச்சர்’ என்பதும் இல்லை. ஐயம் தோன்றும்போதெல்லாம் ‘டூ’ சேர்த்துப் பாருங்கள்.

எண்ண முடியாததைக் குறிக்க வேண்டுமானால் என் செய்வது? இதற்கு விடை நம் இலக்கணத்திலேயே உண்டு. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்று படித்திருக்கிறோம். கடைக்குச் சென்று ‘ஒரு அரிசி கொடுங்கள்’ என்று யாரும் கேட்பதில்லை. ஒரு படி அரிசி, ஒரு முழம் பூ, ஒரு கட்டுக் கீரை என்றே கேட்கிறோம். ‘ஒரு’ என்பது அரிசியைச் சாரவில்லை, படியைச் சார்ந்தது. ஆங்கிலேயன் இந்த முறையைத் தகவலுக்கும் அறிவுரைக்கும் நீட்டிவிட்டான், அவ்வளவே. ‘எ பீஸ் ஆப் அட்வைஸ்’, ‘ஆன் ஐட்டம் ஆப் நியூஸ்’, ‘எ ஷீட் ஆப் பேப்பர்’, ‘எ பீஸ் ஆப் சாக்’ என்பன அவனுடைய படியும் முழமும்.

எனினும் எங்கும் ‘பீஸ் ஆப்’ போட்டால் நடை கனத்துவிடும். கடிதங்களில் ‘சம்’ என்பதே இயல்பானது: ‘ஐ நீட் சம் இன்பர்மேஷன்.’ மற்றொரு வழி, எண்ணத்தக்க வேறு சொல்லைத் தேர்வது. ‘வொர்க்’ என்பதற்கு ‘எ ஜாப்’. ‘லக்கேஜ்’ என்பதற்கு ‘எ பேக்’. ‘டிராவல்’ என்பதற்கு ‘எ ஜர்னி’. ‘பொயட்ரி’ என்பதற்கு ‘எ போயம்’. ‘மெஷினரி’ என்பதற்கு ‘எ மெஷின்’. இவ்விணைகளை மனப்பாடம் செய்தாலே பாதிப் பிழை நீங்கும்.

சில சொற்கள் ‘எ’ சேர்ந்தால் பொருள் மாறும். திருமலையில் பக்தர்கள் காணிக்கையாக்கும் முடி ‘ஹேர்’; சாம்பாரில் கிடக்கும் ஒற்றை மயிர் ‘எ ஹேர்’. ‘பேப்பர்’ என்றால் தாள். ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாள், வினாத்தாள் அல்லது ஆராய்ச்சிக் கட்டுரை. தேர்வறையில் கூடுதல் தாள் வேண்டுவோர் இதைக் கருதுக. ‘எ வொர்க்’ என்பது நூலையோ கலைப்படைப்பையோ குறிக்கும். வேலை தேடுபவர் ‘ஐ ஆம் லுக்கிங் பார் எ வொர்க்’ என்று எழுதினால் புத்தகம் தேடுகிறார் என்று நகைப்பார்கள். உணவு விடுதியில் ‘எ காபி’ என்பது ஒரு கோப்பைக் காபி. அது பேச்சு வழக்கில் ஏற்கத்தக்கதே.

விதிக்கு விலக்கும் உண்டு. பண்பைக் குறிக்கும் சில சொற்கள், அடைமொழியாலோ ‘ஆப்’ என்னும் தொடராலோ எல்லை பெற்றால், ‘எ’ ஏற்கும். ‘நாலெட்ஜ் இஸ் பவர்’ என்பதில் அது இல்லை. ‘எ குட் நாலெட்ஜ் ஆப் தமிழ்’ என்பதில் உண்டு. ‘எ குட் எஜுகேஷன்’, ‘எ கிரேட் ஹெல்ப்’ என்பனவும் அவ்வாறே. ஆனால் ‘அட்வைஸ்’, ‘இன்பர்மேஷன்’, ‘நியூஸ்’, ‘வெதர்’, ‘ப்ராக்ரஸ்’ ஆகியவை எத்தனை அடைமொழி பெற்றாலும் ‘எ’ ஏலா. சட்டம் பயில்வோர் மட்டும், நீதிபதியிடம் எழுதிக் கொடுக்கும் முறையீட்டை ‘ஆன் இன்பர்மேஷன்’ என்பதைக் காண்பர். வங்கியார் தம் அறிவிப்புச் சீட்டை ‘ஆன் அட்வைஸ்’ என்பர். இவை தொழில் வழக்குகள். பொது எழுத்துக்கு உதவா.

பயிற்சிக்குச் சில தொடர்கள் தருகிறேன். கோடிட்ட இடத்தில் ‘எ’ வருமா, ‘சம்’ வருமா, ஒன்றும் வேண்டாவா எனக் கூறுக.

1. ஹி கேவ் மீ ______ அட்வைஸ்.
2. ஷி ஹாஸ் ______ குட் நாலெட்ஜ் ஆப் தெலுகு.
3. தேர் இஸ் ______ ஹேர் இன் மை சாம்பார்.
4. வி ஹாட் ______ குட் வெதர் இன் சித்தூர்.
5. தே பாட் ______ பர்னிச்சர் பார் தி ஹாஸ்டல்.

விடைகள்: முதலாவதற்கும் ஐந்தாவதற்கும் ‘சம்’, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ‘எ’, நான்காவதற்கு ஒன்றும் வேண்டா.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். மனுவைப் படிக்கும் அதிகாரி நாம் நடந்து வந்த தூரத்தை அறியார். நம் திறமையையும் நேரில் கண்டவர் அல்லர். அவர் கையில் இருப்பவை நாம் எழுதிய நான்கு வரிகள் மட்டுமே. அந்த வரிகளில் ‘ஆன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் ஒரு நிகழ்ச்சி, ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்றால் தொழில் அனுபவம் என்று அறிந்து எழுதுபவன் தன் தகுதியைத் தெளிவாகச் சொன்னவன் ஆகிறான். அடுத்த மனுவை அனுப்புமுன் ஒருமுறை ‘எ’, ‘ஆன்’ இருக்கும் இடங்களை மட்டும் தேடிப் படித்து, ஒவ்வொன்றின் பின்னும் ‘டூ’ சேர்த்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான், பயனோ பெரிது.