குட்டி ஓணானுக்கு எத்தனை அடி வீடு?

ஈர்க்குச்சியில் சுருக்கிட்டு ஓணான் பிடித்து விளையாடிய காலம் தோட்டப்புறத்தில் ஒன்று இருந்தது. இன்றோ ஓணானை விலை கொடுத்து வாங்கி வளர்க்கிறோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த தாடி ஓணானை, அதாவது ‘பியர்டட் டிராகன்’ என்பதை, நம் நாட்டுச் செல்லப்பிராணிக் கடைகளிலும் காண்கிறோம். அதன் குஞ்சு ஏறத்தாழ 4 அங்குல நீளமே இருக்கும். இத்துணைச் சிறிய உயிருக்கு ஒரு பிஸ்கட் டின் போதாதா எனப் பெற்றோர் எண்ணுதல் இயல்பே. போதாது, காரணத்தை ஆராய்வோம்.

நம் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். ஓணானுக்கு அவ்வாற்றல் இல்லை. வெயிலில் கிடந்து சூடேற்றிக் கொள்ளும். சூடு மிகுந்தால் நிழலுக்கு ஓடும். ஆகவே அதன் கூட்டில் வெப்பமான முனை ஒன்றும் குளிர்ந்த முனை ஒன்றும் இருத்தல் வேண்டும். தாடி ஓணானுக்கு விளக்கின் அடியில் 40 பாகை செல்சியஸ் அளவும், மறுமுனையில் 30 பாகைக்கு மேற்படாமலும் இருப்பது நன்று. சிறு பெட்டியில் இரண்டு முனைகளும் ஒரே சூடாகிவிடும். அதிலும் கண்ணாடித் தொட்டியைத் தகரக் கூரையின் கீழ் வெயில் படும் சன்னலோரம் வைத்தால், ஓடி ஒளிய இடமின்றி அவ்வுயிர் சிறிது நேரத்திலேயே மடிந்துபோகும். சன்னல் கண்ணாடி வழி வரும் வெயிலால் பயனும் இல்லை. எலும்பு உறுதிக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அதற்கெனத் தனி விளக்கு வேண்டும்.

முதல் சில மாதங்களுக்கு 2 அடி நீளத் தொட்டி ஏற்றது. பெரிய கூட்டில் வெட்டுக்கிளிகள் மூலைக்கு மூலை ஓடி ஒளிய, குஞ்சு பட்டினி கிடக்க நேரலாம். ஆயினும் ஏறத்தாழ ஓராண்டில் அது 18 முதல் 24 அங்குலம் வரை வளர்ந்துவிடும். அப்போது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் தேவை. இருமுறை செலவு செய்வானேன்? பெரிய கூட்டையே வாங்கி, நடுவில் பலகை ஒன்றைத் தடுப்பாக வைத்து, குஞ்சு வளர வளரப் பலகையை நகர்த்துவதே சிக்கனம் என்பது நம் கருத்து. துணைக்கு இன்னொரு குஞ்சைச் சேர்க்க வேண்டா. ஒன்றன் வாலையும் விரலையும் மற்றொன்று கடித்துவிடும்.

பச்சை இகுவானா வேறு கதை. கைச்சாண் அளவுக் குட்டியாக வாங்குவது 5 அடிக்கு மேலும் வளரக்கூடும். அது மரமேறி, ஆதலின் உயரமும் வேண்டும். அதற்கு ஓர் அறையே தேவைப்படும். வளர்க்க இயலாதோர் வெளியே விட்டுவிடுவதும் உண்டு. சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் அவை இன்று காட்டில் பெருகிவிட்டன.

உடும்புக் குட்டியைத் தோட்டத்து வாய்க்காலில் கண்டால் தொடாதீர். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றி அதனை வைத்திருத்தல் குற்றமாகும்.

சிம்பாங் பூலாயைச் சூழ்ந்துள்ளவை போன்ற சுண்ணாம்பு மலைகளிலும் பல்லியினங்கள் உண்டு. ஈப்போவுக்கு வடக்கே கந்தான் மலைக் குகையில் கண்ட ஒரு பல்லியினத்தை 2014இல் அறிவியலார் புதியதென அறிவித்தனர். அதற்கு அக்குகையின் பெயரையே சூட்டினர்.

வாங்க விரும்புவோர் முதலில் வீட்டில் வெயில் படாத சுவரோரம் 4 அடியை அளந்து சுண்ணக்கோடு இடுக. இடம் இருந்தால் கடைக்குச் செல்க.